கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்து

கேரளா போய் வந்தேன் என்று சொன்னால் போதும், "குருவாயூர் போனீங்களா? அதிரப்பள்ளி அருவி பார்த்தீங்களா? நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குருவாயூரப்பனைக் கண் குளிரத் தரிசித்தேன். சிப்ஸும் வாங்கி வந்து, அது இரண்டே நாளில் தீர்ந்தும் போயிற்று. ஆனால் சகோதரிகளே, நான் இங்கே எழுதப் போவது ஒரு பஞ்சாயத்து ஆபீஸைப் பற்றி! 'இதில் என்னம்மா பார்க்க இருக்கிறது?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை திருச்சூர் பக்கத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். போய்ப் பதினைந்து வருஷமாகிறது. 2025-ம் வருஷம் பொங்கலுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிற்று. ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமே! பொங்கல் முடிந்த கையோடு, எங்க வீட்டுக்காரரிடம் மூன்று வாரத்துக்கு லீவு வாங்கிக் கொண்டு கோயமுத்தூரில் ரயிலேறினேன்.

போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வருகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வாளையார் வந்ததும் காற்றே மாறி விடுகிறது. நம் பக்கம் வறண்ட காடும் சோளத்தட்டும். அந்தப் பக்கம் பனைமரமும் நெல் வயலும். தை மாதம் ஆனதால் பாரதப்புழையில் மணல்தான் அதிகம், நடுவே சிற்றோடையாய்த் தண்ணீர். ஒற்றப்பாலம், ஷொறணூர், வடக்காஞ்சேரி என்று வண்டி போய், திருச்சூருக்குச் சற்று முன்னால் முளங்குன்னத்துக்காவு என்று ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வாயில் நுழையவில்லையே என்று சிரித்துக் கொண்டேன். அந்த ஊரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திண்ணையில் கூடிய பெண்கள்

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே ஒன்று கவனித்தேன். காலையில் அடுத்த வீட்டு அம்மா புட்டும் கடலைக் கறியும் கொண்டு வந்து வைத்தார். மத்தியானம் இன்னொருவர் குழம்பு. "யாருடி இவங்கெல்லாம்?" என்று கேட்டேன். "எங்க அயல்கூட்டத்துச் சேச்சிங்கக்கா. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளா முறை போட்டுக் கொண்டு வர்றாங்க" என்றாள்.

அயல்கூட்டம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழு. ஒரு வீட்டுக்கு ஒரு பெண் வீதம் பத்திலிருந்து இருபது பேர். 'குடும்பஸ்ரீ' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998 மே 17-ந் தேதி மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த திட்டம். அதன் அடிப்படைக் குழுதான் இது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் எங்கள் திண்ணையிலேயே நடந்தது. தங்கை அலைய வேண்டாம் என்று அவர்களே இங்கே வந்து விட்டார்கள். வாராந்திரச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் நோட்டில் எழுதினார்கள். நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழு மாதிரிதான் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டு பலகாரத் தட்டை எடுக்க உள்ளே போகப் பார்த்தேன். அப்போதுதான் விஷயமே ஆரம்பமாயிற்று. "வரும் சனிக்கிழமை கிராம சபை. அடுத்த வருஷத் திட்டத்துக்கு நம் கூட்டத்திலிருந்து என்ன கேட்கப் போகிறோம்?" என்று செயலாளர் பெண் கேட்டாள்.

ஒருத்தி, வாய்க்கால் ஓரம் விளக்கு இல்லை என்றாள். இன்னொருத்தி, மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான பட்ஸ் பள்ளிக்கு வேன் வேண்டும் என்றாள். அவள் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டு வயது. தாயார் தினமும் தூக்காத குறையாய் பஸ்ஸுக்கு அழைத்துப் போகிறாள். ஒரு நாள் பஸ் தவறினால் அன்றைய வேலையும் கூலியும் போயிற்று. எல்லோரும் பேசி, வேனை முதலாவதாக எழுதினார்கள்.

அயல்கூட்டங்கள் எழுதுவதெல்லாம் வார்டு அளவில் ஒரு குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து பஞ்சாயத்து அளவில் உள்ள குழுவுக்கு. அங்கிருந்து பஞ்சாயத்தின் வருஷத் திட்டத்துக்கு. ஒரு திண்ணையில் பேசிய பேச்சு ஆபீஸ் மேஜை வரை ஏறிப் போக ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் பெண்கள் குழுக்கள் 1989-லேயே தர்மபுரியில் தொடங்கியவைதான். நாம் இதில் முன்னோடி. ஆனால் எங்கள் ஊரில் குழு ஒரு பக்கம், பஞ்சாயத்து ஒரு பக்கம். இரண்டும் கோயில் திருவிழாவில்தான் சந்தித்துக் கொள்ளும்!

பெயர்ப் பலகை சொன்ன கதை

இரண்டு நாள் கழித்து, வீட்டு வரி கட்ட அடுத்த வீட்டுச் சேச்சி பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நுழைந்ததும் முன் ஆபீஸ். நாற்காலி போட்டு, குடிதண்ணீர் வைத்திருந்தார்கள். எந்த வேலைக்கு எத்தனை நாளாகும் என்று பலகையில் எழுதியிருந்தது. கைக்குழந்தைக்காரிக்குப் பால் கொடுக்கத் தனி அறை.

தலைவர் அறைக்கு வெளியே, பஞ்சாயத்து ஏற்பட்டதிலிருந்து தலைவராக இருந்தவர்களின் பெயர்ப் பலகை மாட்டியிருந்தது. சேச்சி படித்துக் காட்டினார். மேலிருந்து வரிசையாக ஆண் பெயர்கள்தான். 2000-ல் முதல் பெண் பெயர். அப்புறம் 2010-ல் ஒன்று. 2020-ல் ஒன்று. கேரளத்துப் பெண்கள் அதற்கு முன்னால் படிக்காதவர்களா, கெட்டிக்காரத்தனம் இல்லாதவர்களா? பெண் படிப்பில் நாட்டுக்கே முன்னால் நின்ற ஊர் அது. அப்படியும் சட்டம் வரும் வரை அந்தப் பலகையில் ஒரு பெண் பெயர் ஏறவில்லை.

எந்தச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். நம் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1992 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. கிராமப் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு, தலைவர் பதவியிலும் அப்படியே என்றது. நகரங்களுக்கு 74-வது திருத்தம். அதை ஒட்டி 1994-ல் நம் தமிழ்நாடும் கேரளமும் தத்தமக்குப் பஞ்சாயத்துச் சட்டம் செய்து கொண்டன. மூன்றில் ஒன்றைப் பாதியாக்கியதில் முதல் மாநிலம் பீகார், 2006-ல். கேரளம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி 2010 தேர்தலில் பாதி கொடுத்தது. நம் தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 டிசம்பர் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஆக, நாற்காலிக் கணக்கில் இரண்டு மாநிலமும் ஒன்றுதான். பாதிக்குப் பாதி.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கேரளத்தில் 1996 ஆகஸ்ட் மாதம் ஜனங்களே திட்டம் போடும் இயக்கம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், அங்கன்வாடி, கால்நடை ஆஸ்பத்திரி, விவசாய ஆபீஸ் எல்லாம் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தன. கூடவே இன்னொரு விதி: அந்தத் திட்டப் பணத்தில் நூற்றுக்குப் பத்தை, பெண்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேலைகளுக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டும். நாம் மாசச் சம்பளம் வந்ததும் பால்காரருக்கும் பள்ளிக்கூட பீஸுக்கும் தனித்தனிக் கவரில் போட்டு வைப்பதில்லையா? அந்த மாதிரி ஒரு கவர்!

முதலில் அந்தக் கவரிலிருந்து எடுத்ததெல்லாம் தையல் மெஷினும் ஆட்டுக்குட்டியும் கோழிக்குஞ்சும்தானாம். 'பெண் என்றால் தையல்' என்று யோசிப்பது மலைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு போலிருக்கிறது. பிறகு மெதுவாக மாறியிருக்கிறது.

எங்கள் வார்டு மெம்பரை அங்கேதான் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சுடிதார், தோளில் பை, ஸ்கூட்டர். 2020-ல் ஜெயித்தவள். அதற்கு முன் அயல்கூட்டத்தில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தாளாம். இப்படிக் குடும்பஸ்ரீயிலிருந்து வந்து 2020 தேர்தலில் ஜெயித்தவர்கள் மாநிலம் பூராவும் 7,000 பேருக்கு மேல் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். "முதல் நாள் பயமாக இருக்கவில்லையா?" என்று கேட்டேன். "இருந்தது சேச்சி. ஆனால் முளங்குன்னத்துக்காவில் கிளாஸ் இருந்தது" என்றாள். ரயிலில் நான் சிரித்த அந்த ஊர்தான்! அங்கே உள்ளூராட்சி மெம்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற 'கிலா' என்ற நிலையம் இருக்கிறது. பட்ஜெட் என்றால் என்ன, எந்தப் பணம் எதற்கு, தீர்மானம் எப்படி எழுதுவது எல்லாம் அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களாம். ரவையை வறுக்காமல் உப்புமா கிளறச் சொன்னால் எப்படி? பதவி கொடுத்தால் பழகிக் கொள்ளவும் வழி வேண்டுமல்லவா!

பெண்களை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ புகார் சொல்ல 'ஜாக்ரதா சமிதி' என்ற கமிட்டி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் உண்டு. அதற்குத் தலைவர் பஞ்சாயத்துத் தலைவரே. போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிக்கக் கூசுகிற பெண்கூட, தெரிந்த மெம்பரிடம் போய்ச் சொல்லலாம்.

படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு வரும் நர்ஸ்

தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி, பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஒரு நாள் காலை ஜீப் ஒன்று வந்து நின்றது. நர்ஸ் இறங்கினார். மருமகளோடு சேர்ந்து பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்து, படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்து, சிறுநீர்க் குழாய் மாற்றி விட்டுப் போனார். இதற்குக் காசு இல்லை. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் மூலமாக வீடு தேடி வந்து செய்கிறார்கள்.

'இதற்கும் பெண் சமத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். அந்த மருமகளிடம் கேளுங்கள்! படுக்கையில் கிடப்பவருக்குப் பணிவிடை செய்வது எந்த வீட்டிலும் யார் தலையில் விழுகிறது? நம் தலையில்தானே. அந்தப் பெண் துணிக்கடை வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. "நர்ஸ் வர ஆரம்பித்த பிறகுதான் முதுகு நிமிர்ந்து தூங்குகிறேன்" என்றாள். பட்ஸ் பள்ளியும் அப்படித்தான். பிள்ளை பள்ளியில் இருக்கும் ஆறு மணி நேரம் தாய்க்குக் கை விடுபடுகிறது. மேடை போட்டுப் பெண் விடுதலை பேசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்ணுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரம் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்!

"பெண்களும் ரோட்டில்தானே நடக்கிறார்கள்?"

சனிக்கிழமை கிராம சபைக்கு அடுத்த வீட்டுச் சேச்சியோடு போனேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை, பேச உரிமையும் இல்லை. கடைசி பெஞ்சில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். கேரளத்தில் கிராம சபை ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி. வார்டில் உள்ள ஓட்டர்களில் பத்தில் ஒருவராவது வர வேண்டும். நம்மூரில் ஒரு பஞ்சாயத்துக்கே ஒரு கிராம சபை. தமிழ்நாட்டில் பஞ்சாயத்துகள் ஏறத்தாழ 12,500. கேரளத்தில் 941 தான். ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிதாக இருப்பதால் வார்டு வார்டாகக் கூடுகிறார்கள்.

பள்ளிக்கூட ஹால் நிறைந்து விட்டது. பாதிக்கு மேல் பெண்கள். பாலக்காட்டு எல்லைக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், மலையாளம் முக்கால்வாசி புரியும். மெம்பர் போன வருஷ வரவு செலவு வாசித்தாள். அப்புறம் ஒவ்வொரு கோரிக்கையாக வந்தது.

பட்ஸ் பள்ளி வேன் பேச்சு வந்ததும், நடுவரிசையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் எழுந்தார். கோபக்காரர் இல்லை, சிரித்த முகம்தான். "வேன் அப்புறம் பார்க்கலாம். கோயில் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. பெண்கள் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து ரோடு போட்டால் என்ன? பெண்களும் அந்த ரோட்டில்தானே நடக்கிறார்கள்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கேட்கும்போது நியாயமாகவே பட்டது பாருங்கள்! அதுதான் அந்தப் பேச்சின் சாமர்த்தியம்.

அப்போது முன்வரிசையில் ஓட்டுக் கம்பெனியில் வேலை செய்த ஒரு அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம். சத்தம் போடவில்லை. "சரி, ஆண்களும் பெற்ற பிள்ளைதானே பட்ஸ் பள்ளிக்குப் போகிறது? அந்த வேனுக்கு ரோட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்டு விட்டு உட்கார்ந்தார்.

ஹால் ஒரு நிமிஷம் அமைதியாயிற்று. அப்புறம் சிரிப்பு. இந்தத் தடவை பெண்கள் பக்கமிருந்து! மெம்பர் எழுந்து விதியைப் படித்தாள். அந்தப் பத்து சதவீதம் பெண்களுக்கு நேரடிப் பலன் உள்ளதற்குத்தான், ரோட்டுக்கென்று எழுதி அனுப்பினால் மேலே ஜில்லாத் திட்டக் கமிட்டியில் திருப்பி விடுவார்கள் என்றாள். பெரியவர் "சரி சரி" என்று உட்கார்ந்தார். வேன் பட்டியலில் முதலாவதாகவே நின்றது. ரோடும் பொதுப் பணக் கணக்கில் மூன்றாவதாக ஏறிற்று.

அந்த அம்மாளுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பிறவியிலேயே தைரியசாலியாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஏற்கெனவே பேசி முடிவு செய்து வந்தவர்கள். அவர் தனி ஆளாக எழுந்திருக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் அவருக்குத் துணையாக இருந்தது.

சமையலறையில் கையெழுத்துப் போட்ட தலைவி

அன்று ராத்திரி தங்கையிடம் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2019 தேர்தலில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தது. தேர்தலுக்கு நிற்கத் தயாராக இருந்த என் கொழுந்தனாருக்கு ஏமாற்றம். சம்சாரத்தை நிறுத்தினார். அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், நல்ல குணம். ஜெயித்தாள். 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை, ஐந்து வருஷம் தலைவி. ஆனால் ஊரில் எல்லோரும் கொழுந்தனாரைத்தான் 'தலைவரே' என்பார்கள். ஆபீஸ் நாற்காலியில் அவர். இவள் சமையலறையில். காகிதம் வீட்டுக்கு வரும். தோசை மாவுக் கையைத் துடைத்துக் கொண்டு கையெழுத்துப் போடுவாள். ஒரு தடவை போர் மோட்டார் பில்லைப் பார்த்து, "இவ்வளவு ஆகுமாங்க?" என்று கேட்டாளாம். "கேள்வி கேக்காமப் போடு" என்று பதில். செக்கில் இருப்பது அவள் பெயர். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அந்தப் பயத்தில் பல நாள் தூக்கம் இல்லை என்பாள்.

ஒரே ஒரு தடவை, அங்கன்வாடியில் குடிதண்ணீர்க் குழாய் இல்லை என்று தாய்மார்கள் நாலு பேர் நேரே அவளிடமே வந்தார்கள். கொழுந்தனார் ஊரில் இல்லை. இவளே பஸ் ஏறி ஒன்றிய ஆபீஸுக்குப் போய்ப் பேசி, இரண்டு வாரத்தில் குழாய் வந்தது. "அக்கா, அஞ்சு வருஷத்துல அந்த ஒரு நாள்தானுங்க நான் தலைவி" என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பேச்சு என் மனசை விட்டுப் போகவே இல்லை.

தங்கை கேட்டு விட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கும் நாலு பேர் பக்கத்துல வந்து நின்னப்போ முடிஞ்சுதே அக்கா!" சின்னவள் ஆனாலும் சரியாகச் சொல்லி விட்டாள்.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கேரளத்தில் பெண்களுக்கு எல்லாம் கிடைத்து விட்டது என்று நினைக்காதீர்கள். 2010-ல் தலைவியாக இருந்த அம்மாவை ஒரு நாள் கோயில் குளத்தருகே பார்த்தேன். ஓய்வு பெற்ற டீச்சர். அவர் காலத்தில்தான் சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்ததாம். பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். அங்கே ஒதுக்கீடு ஒவ்வொரு தேர்தலுக்கும் சுற்றி வருகிறது. இந்த முறை பெண் வார்டு என்றால் அடுத்த முறை அநேகமாகப் பொது வார்டு. "பொது வார்டு என்றால் ஆண் வார்டு என்றுதான் கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். 'டீச்சருக்குத்தான் ஒரு முறை கிடைத்ததே' என்று சொல்லி விட்டார்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் தெரிந்தது. ஐந்து வருஷம் கற்றுக் கொண்டதெல்லாம் வீட்டில் பூட்டி வைத்தாயிற்று. நம் தமிழ்நாட்டில் இரண்டு தேர்தலுக்கு ஒரு முறைதான் மாற்றுவது வழக்கம். அந்த ஒன்றில் நம் ஏற்பாடு மேல். கற்றுக் கொண்டவளுக்கு மறு வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று. பஞ்சாயத்துகளில் பாதிக்கும் மேல் பெண்கள் இருக்கிற அதே கேரளத்தில், 2021 சட்டசபைத் தேர்தலில் 140 பேரில் ஜெயித்த பெண்கள் 11 பேர்தான். ஒதுக்கீடு இருக்கிற வாசலில் நுழைகிறார்கள். இல்லாத வாசல் இன்னும் மூடித்தான் இருக்கிறது. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் மூன்றில் ஒன்று என்று 2023-ல் 106-வது திருத்தம் நிறைவேறியிருக்கிறது. ஜனத்தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையும் முடிந்த பிறகுதான் அமல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

எர்ணாகுளத்தில் ஒரு சாப்பாடு

தங்கை தேறியதும், ஒரு நாள் அவள் மகளோடு எர்ணாகுளம் போய் வந்தேன். வடக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், கொச்சி மாநகராட்சி ஏற்படுத்திய 'சம்ருத்தி' என்ற சாப்பாட்டுக் கடை. 2021 அக்டோபரில் தொடங்கியபோது சாப்பாடு பத்தே ரூபாய்! சமைப்பது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் குடும்பஸ்ரீப் பெண்கள். குத்தரிசிச் சோறு, சாம்பார், தோரன், ஊறுகாய். வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது. எந்த ஊருக்குப் போனாலும் நாம் வீட்டுச் சமையலைச் சும்மாதான் செய்கிறோம். அதே சமையலுக்கு அங்கே சம்பளம்! அப்புறம் மெட்ரோ ரயிலில் ஏறினோம். 2017-ல் அது ஓட ஆரம்பித்ததிலிருந்தே ஸ்டேஷன் வேலைகள் பலவற்றில் குடும்பஸ்ரீப் பெண்கள்தான்.

திருச்சூரில் வடக்குந்நாதர் கோயிலைச் சுற்றிய தேக்கின்காடு மைதானத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து வாருங்கள். கோயமுத்தூரிலிருந்து ரயிலில் இரண்டரை மூன்று மணி நேரப் பயணம்தான். தை, மாசி மாதங்கள் சௌகரியம். ஆனி, ஆடியில் மழை கொட்டும்.

ஊருக்குக் கொண்டு வந்தது

மூன்று வாரம் முடிந்து ஊர் வந்ததும் ஓரகத்தி என்னைப் பார்க்க வந்தாள். சிப்ஸ் பொட்டலத்தோடு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். முக்கியமாக அந்தப் பத்து சதவீதக் கவரைப் பற்றி.

நம் வாசக சகோதரிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். நம் தமிழ்நாட்டுச் சட்டமும் பாதி நாற்காலியை நமக்குக் கொடுத்து விட்டது. அது சின்ன விஷயம் இல்லை. அந்த நாற்காலிக்கு நாலு கால் வேண்டும். பின்னால் நிற்க ஒரு பெண்கள் குழு, கையில் தனியாகப் பணம், கற்றுக் கொள்ள ஒரு வகுப்பு, கேள்வி கேட்க ஒரு சபை. கேரளத்தில் நான் பார்த்தது இந்த நாலு கால்களைத்தான்.

இதில் மூன்று, அரசாங்கம் மனது வைக்க வேண்டியவை. நாலாவது நம் கையிலேயே இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை கூட்டும் வழக்கம் இருக்கிறது. பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை கூடத்தான் செய்கிறது. அன்றைக்குச் சமையலை ஒரு மணி நேரம் முன்னால் முடித்து விடுங்கள். குழுப் பெண்கள் பத்துப் பேர் முதல் நாளே ஒரு திண்ணையில் கூடி, என்ன கேட்பது என்று பேசிக் கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம் போதும். தெரு விளக்கோ, குழாயோ, அங்கன்வாடிக் கூரையோ. காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதிக் கொடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஏற்றினார்களா என்று படித்துப் பார்த்து விட்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் தலைவி, கணவர் முகத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவளாக இருந்தால், கேள்வியை அவரிடம் கேட்காமல் அவளைப் பார்த்தே கேளுங்கள். அவளுக்கும் அதுதான் துணை.

ஓரகத்தி கிளம்பும்போது, "அக்கா, அடுத்த கிராம சபைக்கு உங்க குழுவிலிருந்து எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டாள். அவள் குழுவையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.